கேட்டுவிட்டுப் போடுங்கள்: மெல்லிசைக் குழுக்களுக்கும் மைக் செட் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மெல்லிசைக் குழு நடத்தும் நண்பர்களுக்கும், மைக் செட் வைத்துத் தொழில் செய்யும் தோழர்களுக்கும்,

வணக்கம்.

கல்யாண வரவேற்பில் அம்மா பாட்டோ அப்பா பாட்டோ எடுத்தால் மண்டபம் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். நான்காவது வரிசையில் ஒருவர் சட்டென்று எழுந்து வெளியே போகிறார். பின்னாலிருந்து இளவட்டங்கள் குத்துப் பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மேடைப் பக்கம் வந்து, "நல்ல காரியத்துல எதுக்குப்பா இந்த அழுகை?" என்று கடிந்துகொள்கிறார். அவர் நகர்ந்த கையோடு பெண்ணின் சித்தி வந்து, "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்க தம்பி" என்கிறார்.

இதை ரசனை வேறுபாடு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், அது ரசனைச் சண்டை இல்லை. ஐந்து பேர் காதிலும் விழுவது ஒரே பாட்டுத்தான். ஐந்து பேர் மனதில் வந்து நிற்கும் ஆள்தான் வேறு. அதனால் அழுகைப் பாட்டே கூடாது என்பவர்கள் பக்கமும் நாங்கள் இல்லை, அழ வைத்தால்தான் கச்சேரி எடுபடும் என்பவர்கள் பக்கமும் இல்லை. அந்தப் பாட்டை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்தால் ஒழுங்காக எடுங்கள். எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

ஒருவர் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் கேட்ட பாட்டுகளில்தான் அவருடைய சொந்த நினைவுகள் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உளவியலார் சொல்கிறார்கள். இதை நம் பாட்டுப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். 'பாசமலர்' 1961இல் வந்தது. அதன் அண்ணன் தங்கைத் தாலாட்டான 'மலர்ந்தும் மலராத' பாட்டை இளவயதில் கேட்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் உடன்பிறந்தானோடு முப்பது வருடமாகப் பேசாமலிருப்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். 'மன்னன்' படத்தின் அம்மா பாட்டு 1992. அதை இளமையில் கேட்டவர்கள் இப்போது நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருக்கிறார்கள், அதாவது தாய் தகப்பனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வயதில். மண்டபத்தில் இந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே போகிறவர் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்தான். 2013இல் 'தங்கமீன்கள்' படத்துக்காக நா. முத்துக்குமார் எழுதிய தந்தை மகள் பாட்டு, இன்று மேடையில் மணப்பெண்ணாக நிற்பவருடைய வயதுக்கு உரியது. ஆக, எந்த ஆண்டுப் பாட்டை எடுக்கிறோம் என்பதே யாரைத் தொடப் போகிறோம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

ராகத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களும் நம்மிடம் உண்டு. "முகாரி பாடாதே" என்று பேச்சுவழக்கிலேயே சொல்கிறோம். ஆனால் சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய 'எந்தனினே' கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. 'மன்னன்' அம்மா பாட்டோ கல்யாணியைத் தழுவியது; மங்கல ராகம் என்று நாம் கல்யாணக் கச்சேரியில் தயங்காமல் வாசிக்கும் அதே கல்யாணி. சோக ராகங்கள் என்று பேரெடுத்த சிவரஞ்சனியையும் சுபபந்துவராளியையும் ஒதுக்கிவிட்டால் யாரும் அழமாட்டார்கள் என்ற கணக்கு அங்கேயே பொய்த்துப்போகிறது. அழுகை ஸ்வரத்தில் மட்டும் இல்லை. அந்தப் பாட்டை முன்பு யாரோடு கேட்டோம் என்பதில் இருக்கிறது.

இன்னொன்று. முன்னிசை தொடங்கிய இரண்டு மூன்று வினாடியிலேயே பாட்டு அடையாளம் தெரிந்துவிடும். முன்னிசையை வாசித்துவிட்டுக் கூட்டத்தின் முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்துவது ரொம்பத் தப்பு. வர வேண்டிய நினைவு அதற்குள் வந்துவிட்டது. பாதியில் அறுத்தால் அவமானம் மட்டும்தான் மிஞ்சும். எடுப்பதா வேண்டாமா என்பதைக் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

நம் ஊர் ஒப்பாரிக்காரப் பெண்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. துக்க வீட்டில் கால் வைத்ததும் இறந்தவர் யார், பேர் என்ன, தலைமாட்டில் இருப்பவருக்கு என்ன உறவு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பாட்டில் அந்த உறவு அப்படியே ஏறும். பெத்தவளுக்கு ஒரு விளி, கட்டினவனுக்கு ஒரு விளி, கூடப் பிறந்தவனுக்கு ஒரு விளி. சுற்றிக் கட்டிப்பிடித்து அழும் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவரையும் அதே மூச்சில் சொல்லி அழுவாள். அதற்கு அங்கே இடம் உண்டு, பக்கத்தில் தோள் உண்டு. பதிவு செய்த பாட்டு யாரையும் கேட்பதில்லை. அது கேட்காததால் நாம்தான் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? புக்கிங் செய்ய வந்தவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் நண்பராகவோ மண்டப ஏற்பாட்டுக்காரராகவோ இருப்பார். "எல்லாம் கலந்து பாடுங்க" என்றுதான் சொல்வார். பெண்ணிடமோ பெண்ணின் தாயாரிடமோ, மாப்பிள்ளை வீட்டில் ஒருவரிடமோ தனியாக, போனில், நிகழ்ச்சிக்கு நான்கைந்து நாள் முன்னதாகப் பேசுங்கள். மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "அம்மா பாட்டு, அப்பா பாட்டு ஏதாச்சும் வேணுமாம்மா?" என்பது முதல் கேள்வி. "போடவே கூடாத பாட்டு எதுவும் இருக்கா?" என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் முக்கியம். அதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள். காரணம் கேட்காதீர்கள். சொன்ன பாட்டின் பேரைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளைப் பாடகர், கீபோர்டு, நிகழ்ச்சித் தொகுப்பாளர் மூவர் கையிலும் கொடுங்கள். கூட்டத்திலிருந்து சீட்டில் அதே பாட்டு வந்தால், "இருக்கிற பட்டியலை முடிச்சுட்டுப் பாக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிடலாம்.

வேண்டும் என்று சொன்னார்களா? அடுத்தது நேரம். மாலை 7 மணி வரவேற்பில் கூட்டம் நெரிவது ஏழரையிலிருந்து ஒன்பது வரை. மொய்க் கவரோடு வரிசை மேடைப் படியில் நிற்கும், பெண் ஒரு நிமிடம் உட்காரக்கூட முடியாது. அந்த நேரத்தில் அப்பா பாட்டை எடுத்தால், தகப்பனை இழந்த பெண் முகம் தெரியாத நூறு பேருக்குச் சிரித்துக்கொண்டே அழுகையை அடக்க வேண்டியிருக்கும். முதல் இருபது நிமிடத்தில், நெருங்கிய சொந்தம் மட்டும் இருக்கும்போது எடுங்கள். இல்லையென்றால் ஒன்பதேகாலுக்குப் பிறகு, வரிசை கலைந்தபின். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டு போதும். சித்தி வந்து இரண்டாம் தடவை கேட்டாலும் வேண்டாம்.

பந்திக் கூடத்துக்குப் போகும் ஸ்பீக்கரை அந்த ஐந்து நிமிடத்துக்கு அணைத்துவிடுங்கள். இதைச் செய்கிற மண்டபங்கள் மிகக் குறைவு. இலையில் பாதிச் சோறு இருக்கும்போது எழுந்திருக்க முடியாது. தலைக்கு மேலிருந்து இந்தப் பாட்டு இறங்கினால் சாப்பிடவும் முடியாது. பந்தி ஸ்பீக்கருக்கு மிக்ஸரில் தனி அவுட் கொடுத்திருந்தால் ஒரு குமிழைத் திருப்புகிற வேலைதான்.

இனி ஒலி. குத்துப் பாட்டு முடிந்த அதே அளவில் அம்மா பாட்டைத் தொடங்குவதுதான் நாம் அதிகம் செய்யும் பிழை. கூட்டத்தின் நடுவில் நின்று கைப்பேசிச் செயலியில் அளந்து பாருங்கள், குத்துப் பாட்டு 95 டெசிபலைத் தொட்டிருக்கும். சாதாரணப் பேச்சு 60 சுற்றி. அழுகைப் பாட்டு 75 அளவில் இருந்தால் வார்த்தையும் தெளிவாகக் கேட்கும், அழுகிறவரிடம் பக்கத்தில் இருப்பவர் இரண்டு வார்த்தை பேசவும் முடியும். அந்த இரண்டு வார்த்தைக்கு இடம் விடாத ஒலி எவ்வளவு தரமாக இருந்தாலும் கெட்ட ஒலிதான். எக்கோவைப் பாதியாகக் குறையுங்கள். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சுவரும் கொண்ட ஏ.சி. மண்டபம் ஏற்கெனவே எதிரொலிக்கும். அதன்மேல் மெஷின் எக்கோவும் சேர்ந்தால் வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் முதல் சொல்லை விழுங்கிவிடும். 2,500லிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் இறக்கினால் மேல் ஸ்தாயியில் குரல் காதைக் குத்தாது. மெல்லிய பாட்டு என்பதால் மைக் கெயினை, அதாவது மைக் ஒலி வாங்கும் அளவை, ஏற்றுவீர்கள், அப்போதுதான் ஊளை கிளம்பும். கெயினை ஏற்றுவதைவிடப் பாடகரை மைக்குக்கு இரண்டு அங்குலம் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். கீழ்க்குரல் தானாகவே நிறையும்.

வாசிப்பவர்களுக்கு: சுருதியை மாற்றும்போது யோசித்து மாற்றுங்கள். 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண் குரலுக்கு ஆண் பாட்டைக் கொடுக்கும்போது, சரணத்தின் உச்ச ஸ்வரம் எட்டாமல் போகுமோ என்று பயந்து ஒரேயடியாக இரண்டு கட்டை இறக்கிவிடுகிறார்கள். பல்லவி முணுமுணுப்பாகிவிடுகிறது. முந்தின நாள் சரணத்தை மட்டும் பாடிப் பார்த்து, உச்சம் வலிக்காமல் வரும் இடத்திலிருந்து அரைக் கட்டை மட்டும் இறக்கினால் போதும். வேகம் இன்னொரு சிக்கல். தாலாட்டு நடையில் உள்ள பாட்டு நிமிடத்துக்கு 70 தட்டு என்றால், சூடேறிய ரிதம் பேடுக்காரர் கையில் அது 80 ஆகிவிடும். அந்தப் பத்துத் தட்டில் தாலாட்டு நடனமாகிவிடும், கூட்டத்தில் யாராவது கைதட்ட ஆரம்பிப்பார்கள். மெட்ரோனோம் போட்டுக்கொள்ளுங்கள்; முடிந்தால் பேடை நிறுத்திவிட்டுத் தபலாவோ வெறும் கிட்டாரோ வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் தனி வயலின் டோன் எடுத்தால் ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்தை (பிட்ச் பெண்ட்) தொடாமல் வாசிக்காதீர்கள். வளைவில்லாத காந்தாரம் எந்தப் பாட்டையும் மரக்கட்டையாக்கிவிடும்.

பாட்டு முடிந்ததும் இருபது வினாடி எதுவும் வேண்டாம். "யார் யாரெல்லாம் அழுதீங்க, கையைத் தூக்குங்க" என்று தொகுப்பாளர் கேட்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். அழுதவரைத் தேடி வீடியோ கேமரா போவதையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். அடுத்த பாட்டு நடுத்தர வேகத்தில் ஒரு பழைய காதல் பாட்டாக இருக்கட்டும். குத்து அதற்கடுத்து வரலாம்.

எல்.இ.டி. திரை வந்தபின் இந்தப் பாட்டுகளுக்குப் படக்கோவை போடுவது வழக்கமாகிவிட்டது. பெண்ணின் சின்ன வயதுப் படங்கள் வரிசையாக வந்து, கடைசியில் மறைந்த தகப்பனார் படம் பன்னிரண்டடி அகலத்துக்கு விரியும். "சர்ப்ரைஸ்" என்று நண்பர்கள் தயார் செய்து பென் டிரைவில் கொண்டு வருவார்கள். எவ்வளவு அன்போடு செய்ததாக இருந்தாலும், பெண்ணோ அவள் தாயோ பார்க்காத படக்கோவையைத் திரையில் ஏற்றாதீர்கள். அப்பா படத்தை அப்படிப் பார்க்க ஆசைப்படுகிற பெண்ணும் இருக்கிறாள். அந்தப் படத்துக்கு முன்னால் அன்றைக்கு நிற்கத் தெம்பில்லாத பெண்ணும் இருக்கிறாள். எந்தப் பெண் என்பதை நாமாக ஊகிக்க முடியாது.

மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் இதே பேச்சு. தாய்மாமன் சீர்த்தட்டு வாசலில் நுழையும்போது தாய்மாமன் பாட்டுப் போடுவது நம் பழக்கம். மாமன் இறந்துபோய் அவர் பிள்ளை தட்டெடுத்து வரும் வீடும் உண்டு, சண்டையில் மாமன் வராமலே போன வீடும் உண்டு. தட்டு வாசலுக்கு வரும் முன் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நாதஸ்வரம் போதும்.

துக்க வீட்டுக்கு வருவோம். மைக் செட் தோழர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

முதலில் கூம்பு ஒலிபெருக்கிக் குழாய் வேண்டாம். கூம்புக் குழாயில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் உருப்படியாக வராது. பாடகர் டி.எம்.எஸ். (டி.எம். சௌந்தரராஜன்) குரலின் நெஞ்சுக் கனம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. குழாயில் போட்டால் அதை வெட்டிவிட்டுக் கீச்சை மட்டும் மூன்று தெருவுக்கு அனுப்புகிறோம். மூன்றாவது தெருவில் போன மாதம் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருக்கலாம். இரண்டு சின்ன பாக்ஸ், பந்தலைப் பார்த்து, காதுயரத்துக்குச் சற்று மேலே வைத்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் வந்திருப்பவர்களுக்குப் போதும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45தான். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. சாவு வீடென்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை நாம் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கைப்பேசியை புளூடூத்தில் இணைத்துப் போடுவதை விடுங்கள். பாட்டுக்கு நடுவில் அழைப்பு வந்தால் ரிங்டோன் பந்தல் முழுக்க அலறும். இணையத்திலிருந்து நேரடியாகப் போட்டால் விளம்பரம் வரும். பிணத்தின் முன்னால் சோப்பு விளம்பரம் ஓடுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. துக்கத்துக்கென்று தனி பென் டிரைவ் வையுங்கள். அதில் வேறெந்தப் பாட்டும் இருக்கக் கூடாது. விலை குறைந்த யு.எஸ்.பி. பிளேயர்கள் பல, பாட்டுகளைப் பேர் வரிசையில் போடாது, நகலெடுத்த வரிசையில்தான் போடும். அதனால் வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள், ரேண்டமை அணைத்துவிடுங்கள். அறுபதுகளின் பதிவுகள் ஒலி குறைந்தவை, புதிய பாட்டுகள் உரத்தவை. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால், பழைய பாட்டுக்கு ஏற்றிவைத்த வால்யூமில் அடுத்த பாட்டு வந்து அறைந்துவிடும். வேறொருவர் திரும்பப் பாடிய பதிவுகளும் நிறையக் கிடைக்கின்றன. அவை வேண்டாம். நினைவு அந்தக் குரலோடு சேர்ந்தது. குரல் மாறினால் வீட்டாருக்கு எரிச்சல்தான் வரும்.

எந்தப் பாட்டு என்பதில் இன்னும் கவனம் வேண்டும். 'பாதகாணிக்கை' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'வீடு வரை உறவு' அறுபது வருடமாக நம் துக்க வீடுகளில் ஒலிக்கிறது. பேரன் பேத்தி எடுத்து நிறைவாழ்வு வாழ்ந்தவரின் கல்யாணச் சாவில் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அதே பாட்டு மனைவி வருவது வீதிவரைதான் என்கிறது. முப்பத்தைந்து வயதில் கணவனை இழந்தவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவள் காதில் அது எப்படி விழும் என்று பாருங்கள். இளவயதுச் சாவுக்கும் குழந்தைச் சாவுக்கும் விபத்துக்கும் பாட்டே வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. யாராவது வற்புறுத்தினால், பெற்றவரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

பாட்டுப் போடும் வீட்டிலும் நிறுத்த வேண்டிய நேரங்கள் உண்டு. ஒப்பாரி தொடங்கினால் நிறுத்துங்கள். ஒப்பாரிக்குப் போட்டியாக ஒலிபெருக்கியை வைத்தால் தோற்பது அந்தப் பெண்களின் தொண்டைதான். நீர்மாலைக்குப் போகும்போதும் கோடி போடும்போதும் வாய்க்கரிசியின்போதும் நிறுத்துங்கள். வெளியூரிலிருந்து மகளோ மகனோ வந்து தெருமுனையில் வண்டியை விட்டு இறங்குகிறார்கள் என்று தெரிந்தால் உடனே வால்யூமை இறக்கிக்கொண்டே போய் அணைத்துவிடுங்கள். சட்டென்று அறுக்க வேண்டாம்; நான்கைந்து வினாடியில் மெல்ல இறக்குங்கள். வாசலில் ஒரு ஆளை நிறுத்தினால் இதைச் செய்ய முடியும். அந்த மகள் பந்தலுக்குள் நுழையும்போது முதலில் எழ வேண்டியது அவள் குரல்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் நிலைமை வேறு. அங்கே ஒரு பாட்டு வேண்டுமென்று வீட்டாரே கேட்பார்கள், பெரும்பாலும் இறந்தவருக்குப் பிடித்ததாகவே இருக்கும். அது துள்ளல் பாட்டாக இருந்தாலும் தயங்காமல் போடுங்கள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே பாடிய பாட்டு என்றால், அந்த வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு எதுவுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முகூர்த்த மாதத்துக்கு அட்வான்ஸ் ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது, தேதி, இடம், தொகை இருக்கும் பக்கத்தின் கீழே மூன்று கோடு சேர்த்து அடியுங்கள். "கட்டாயம் வேண்டிய பாட்டு" என்று ஒன்று, "போடக் கூடாத பாட்டு" என்று ஒன்று, "யாரிடம் கேட்டது" என்று ஒன்று. மூன்றாவது கோடு காலியாக இருந்தால் அன்றைக்கு அம்மா பாட்டும் அப்பா பாட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேடையிலும் மிக்ஸருக்குப் பின்னாலும் வேலை செய்யும் உங்கள் தோழர்கள்